அஞ்சடி வெளிச்சம்

ரந்தாவில் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு தாமானுக்குள் நடந்து போனால், எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று பெயர்ப்பலகை இல்லாமலே சொல்லிவிடலாம். சீனர் வீட்டு முகப்பில் சாமி மாடத்துச் சிவப்பு பல்பு எரியும். நோன்பு மாதத்தின் கடைசி நாட்கள் என்றால் மலாய்க்காரர் வீட்டு வேலியோரம் பெலித்தா விளக்குகள். நம்மவர் வீட்டு வாசல் நிலையில் காய்ந்த மாவிலைத் தோரணம் தொங்கும், அதற்கு மேலே கண்ணைப் பறிக்கிற வெள்ளை டியூப் லைட்டு. இந்த டியூப் லைட்டு இப்போது குறைந்துவருகிறது. கார் போர்ச் கூரையின் அடிப்பக்கத்தில் சிலிங் அடித்து, வட்டவட்டமாகத் துளை போட்டு, உள்ளே பதிக்கிற டவுன்லைட்தான் இப்போது எல்லார் வீட்டிலும்.

எங்கள் வீட்டு போர்ச்சுக்கும் சிலிங் அடித்தாயிற்று. நாலு துளை போடவேண்டும். அதில் எந்த விளக்கைப் போடுவது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் வந்த வாக்குவாதம் இரண்டு வாரம் ஓடியது. நான் மஞ்சள் வெளிச்சம் கேட்டேன். அவர் வெள்ளைதான் வேண்டும் என்றார். இது ரசனைச் சண்டை என்றுதான் முதலில் எனக்குப் பட்டது. அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், விஷயம் 1894 வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

கட்டடத்துக்குள் பதித்த விளக்கு நமக்குப் புதிய சங்கதி இல்லை. தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளில் வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் முக்கோணமாகவோ வளைவாகவோ ஒரு குழி விட்டிருப்பார்கள். மாடக்குழி என்பார்கள், விளக்கு மாடம் என்பார்கள். அகலை அதற்குள் வைத்தால் காற்றடித்தாலும் சுடர் அணையாது. சாரல் படாது. போகிறவர் வருகிறவர் கை தட்டிவிடாது. இன்றைக்கு வெளிப்புற டவுன்லைட்டின் அட்டைப்பெட்டியில் ஐ.பி. 44, ஐ.பி. 65 என்று அச்சடித்திருக்கிறதே, அந்த இரண்டு இலக்கமும் இதைத்தான் கேட்கின்றன. முதல் இலக்கம், தூசி எவ்வளவு உள்ளே போகும் என்று. இரண்டாவது, தண்ணீர் எவ்வளவு போகும் என்று.

கப்பலேறி வந்தவர்கள் அகலைக் கொண்டுவந்தார்கள். மாடக்குழி சுவரோடு இருப்பது, அதைக் கொண்டுவர முடியவில்லை. இங்கே கிடைத்த லயத்துச் சுவர் பலகை. பலகையில் குழி தோண்டினால் பக்கத்து வீடுதான் தெரியும். ஆகவே கார்த்திகைக்கு விளக்கு வைத்தது அஞ்சடியில். லயத்துக்கு முன்னால் நீளமாக ஓடுகிற அந்தத் தாழ்வாரத்தில்தான் எல்லாமும் நடந்தது. குழந்தை தூங்கியது, கிழவர் வெற்றிலை இடித்தது, கல்யாணப் பேச்சு, அடிதடி எல்லாம். காற்று அடித்தால் அகல் அணையும். மறுபடி ஏற்றுவார்கள்.

நெகிரி செம்பிலானின் இந்தப் பகுதி தோட்டமாக மாறியது மலாயாவின் மற்ற பல இடங்களைவிட முந்தி. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இலேயே ரயில் ஓடியது. முதலில் காப்பி, பிறகு ரப்பர், அதற்கும் பிறகு செம்பனை. ரயிலும் ரப்பரும் வந்த வேகத்தில் வெளிச்சம் வரவில்லை. லயத்து வெளிச்சம் என்றால் மண்ணெண்ணெய்தான். காலியான பால் டின்னின் மூடியில் ஓட்டை போட்டு, பழந்துணியைத் திரித்துச் செருகினால் விளக்கு. அதன் புகை விடியற்காலையில் மூக்கைச் சிந்தும்போது கறுப்பாக வரும் என்று அம்மா சொல்வார்.

இங்கே 1894ஐச் சொல்லவேண்டும். மலாயாவில் மின்சாரத்தின் கதையை எழுதுகிறவர்கள் சிலாங்கூரின் ரவாங்கில் உள்ள ஓர் ஈயச் சுரங்கத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அங்கே அந்த ஆண்டு மின்சார ஜெனரேட்டரைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் இரண்டு கூட்டாளிகள். ஒருவர் லோக் யூ. மற்றவர் கே. தம்புசாமி பிள்ளை. ஆமாம், கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலையும் பத்துமலை முருகன் கோயிலையும் தொடங்கிவைத்த அதே தம்புசாமி பிள்ளைதான். இந்த நாட்டுக்கு மின்சார வெளிச்சத்தைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் தமிழர் என்று நாம் மேடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொண்டும் இருக்கிறோம். அந்த மேடையில் உட்கார்ந்து கைதட்டும் பெரியவர்களில் பாதிப் பேர் மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படித்தவர்கள் என்பதையும் கூடவே சொல்லலாம். அடுத்த ஆண்டு கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்விளக்கு வந்தது. 1900இல் ரவூப்பின் தங்கச் சுரங்கத்துக்காகச் செம்பாம் ஆற்றிலிருந்து நீர்மின்சாரம் எடுத்தார்கள். ஈயம், ரயில், தங்கம். கம்பி எந்த வழியாகப் போனது என்பதற்கு இந்த மூன்று சொல்லே போதும்.

தோட்டத்துக்குள்ளும் அதே வரிசைதான். ரப்பர் பாலைத் தாளாக உருட்டுகிற ஆலைக்கு இஞ்சின் வந்தது. இஞ்சினிலிருந்து துரை பங்களாவுக்கு ஒரு கம்பி. பிறகு கிராணி வீடு, டிரஸர் வீடு. லயம் கடைசி. பங்களா வராந்தாவில் கூரைக்கு அடியில் எரிந்த மஞ்சள் பல்பை லயத்து அஞ்சடியிலிருந்து பார்க்கலாம். அம்மா சிறுமியாக இருந்தபோது அதை நிலா என்று நினைத்த நாட்கள் உண்டாம். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

ஆனால் லயத்து மக்களுக்கு ஒரு விளக்கை மட்டும் யாரும் மறுக்கவில்லை. அது வேலை விளக்கு. பால்மரத்தை விடிவதற்கு முன்பே வெட்டவேண்டும். இரவில் இலைகள் நீரை வெளிவிடுவது குறைவு. அதனால் மரப்பட்டைக்குள் பால்குழாய்களின் அழுத்தம் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், பால் சீக்கிரம் நின்றுபோகும். ஆகவே பெரட்டு முடிந்ததும் இருட்டோடு காட்டுக்குள் போகவேண்டும், நெற்றியில் கார்பைட் விளக்கு. சுண்ணாம்புக் கல் மாதிரி இருக்கும் கால்சியம் கார்பைடின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, அசிட்டிலீன் வாயு கிளம்பி எரியும். நல்ல வெள்ளை வெளிச்சம், பூண்டு அழுகிய மாதிரி ஒரு நாற்றம். நெற்றியில் கட்டினாலும் அது ஆளைக் காட்டுகிற விளக்கு இல்லை. பட்டையைக் காட்டுகிற விளக்கு. காயம் ஆழமாகிவிட்டால் மரம் கெடும், மரம் கெட்டால் தண்டல் கத்துவார்.

அடுத்த வெளிச்சம் அவசரகாலத்தில் வந்தது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் பிரிக்ஸ் திட்டம். சீனக் குடியேறிகளைப் புதுக்கிராமங்களுக்குள் அடைத்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களையும் தோட்டத்துக்குள்ளேயே ஓரிடத்தில் ஒதுக்கி முள்கம்பி கட்டினார்கள் என்பது நம் ஆட்களுக்கே பாதி மறந்துபோன சங்கதி. சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. வேலி வைத்த பல இடங்களில் வேலிக்கு விளக்கும் வைத்தார்கள். வீட்டுக்குள் பால் டின், வேலியில் மின்சாரம். எங்கள் பாட்டிக்கு அது வரம் மாதிரி. "முள்ளுக்கம்பி லைட்டுல அரிசி கல்லு பொறுக்குவேன். அதுக்கு முன்னாடி ராத்திரில கல்லு தெரியாது" என்பார். வெளியே இருப்பவன் உள்ளே வராமலும், உள்ளே இருக்கும் அரிசி வெளியே போகாமலும் இருக்க வைத்த விளக்கு அது. பாட்டி அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் முறத்தோடு உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டார்.

லயத்துக்குள் வெளிச்சம் வந்தது ஜெனரேட்டர் வழியாக. எந்த ஆண்டு என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். எங்கள் தோட்டத்தில் அறுபதுகளின் கடைசி என்பது வீட்டுக் கணக்கு. சாயங்காலம் ஆறரைக்கு வரும், இரவு பத்துக்குப் போகும். போவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒருமுறை கண் சிமிட்டும். அந்தச் சிமிட்டலுக்குள் பாயை விரித்து, பிள்ளைகளை ஒன்றுக்கு அழைத்துப் போய்வந்து, தீப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துவிடவேண்டும். அறைகளுக்கு நடுவிலிருந்த பலகை கூரை வரை போகாது. அந்த இடைவெளியில் ஒரே 40 வாட் பல்பைத் தொங்கவிட்டு இரண்டு வீடு பிழைத்தது. எங்கள் மாமா எல்.சி.இ. பரீட்சைக்குப் படித்தபோது பத்து மணிக்கு மேல் ஆலைச் சுவர் விளக்குக்குக் கீழே போய் உட்கார்ந்திருக்கிறார். காவல்காரர் ஒரு தமிழர், ஆகவே துரத்தவில்லை. வேறு ஒரு காவல்காரர் இருந்திருந்தால் மாமா ஆசிரியராகியிருக்கமாட்டார் என்று அம்மா இன்றும் நம்புகிறார்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய மின்சார வாரியம் 1949இல் அமைந்தது. 1965இல் தேசிய மின்சார வாரியம் ஆனது. 1990இல் தெனாகா நேஷனல். தொழிலாளர் குடியிருப்புத் தரத்துக்கான சட்டம் 1966இல் ஒன்று, 1990இல் ஒன்று. இரண்டாவதில்தான் வசதிகள் என்ற சொல்லே சட்டத்தின் தலைப்பில் ஏறியது. குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்று எழுதினார்கள். தம்புசாமி பிள்ளையின் ஜெனரேட்டருக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையில் 96 ஆண்டு. சட்டம் வந்த காலத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள், சில இடங்களில் செம்பனையையும் வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். இருபத்துநாலு மணி நேரக் கரண்டு வந்து சேர்ந்தபோது லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது.

இனி நாலு துளைக்கு வருகிறேன்.

சிரம்பானில் விளக்குக் கடைக்குப் போனால் சுவர் முழுக்க வட்டம் வட்டமாக எரிந்துகொண்டிருக்கும். விலையைப் பார்த்து எடுக்கிறவர்களே அதிகம். போர்ச்சுக்கு அது சரிப்படாது. வீட்டுக்குள் போடும் டவுன்லைட் பெரும்பாலும் ஐ.பி. 20. அதாவது தண்ணீருக்கு எந்தத் தடுப்பும் கிடையாது. கூரைக்கு அடியில்தானே இருக்கிறது, நேராக மழை படாதே என்றால், தெறிக்கும் நீரைத் தாங்கும் ஐ.பி. 44 போதும் என்பது புத்தகக் கணக்கு. நம் ஊர் மழை நேராகப் பெய்வதில்லை. காற்றோடு சாய்ந்து போர்ச்சுக்குள்ளேயே நாலடி வந்துவிடும். போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவுகிற பிள்ளை ஹோஸ் பைப்பை மேலே பிடித்து விளையாடும். ஆகவே ஐ.பி. 65. அதிலும் ஒரு சூது இருக்கிறது. பல விளக்குகளில் அந்த 65 கீழே தெரியும் முகத்துக்கு மட்டும்தான். சிலிங்குக்கு மேலே மறைந்திருக்கும் முதுகுக்கு 20தான். ஓடு ஒழுகினால் தண்ணீர் முதுகு வழியாக இறங்கும். அப்படி இறங்கினால் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழும், வீடு மொத்தமும் இருட்டாகும், அதுவும் மழை இரவில். முதலில் ஓட்டைப் பாருங்கள். முடிந்தால் வெளி விளக்குகளுக்குக் கசிவுத் தடுப்போடு தனிச் சர்க்யூட் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சூடு. போர்ச் கூரை தகரமாக இருந்தால் சிலிங்குக்கு மேலே உள்ள இடுக்கு பகலெல்லாம் அடுப்பு. இரவு விளக்குப் போடும்போதும் அது முழுதாக ஆறியிருக்காது. எல்.இ.டி. பொதுவாகச் சாவதில்லை. அதற்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தருகிற டிரைவர் என்ற சின்னப் பெட்டிதான் சாகிறது. அதற்குள் இருக்கும் கெபாசிட்டருக்குப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பொதுக் கணக்கு. இடியும் அதைத்தான் முதலில் கொல்லும். டிரைவர் தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்கிற விளக்கை வாங்கினால், செத்ததை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சிலிங் பலகையைப் பொறுத்தவரை வெளியில் ஜிப்சம் ஆகாது, ஈரம் குடித்து ஊதிவிடும். சிமெண்டுப் பலகைதான் நிற்கும்.

இடம் குறிப்பதிலும் கவனம் வேண்டும். போர்ச் நடுவில் வரிசையாகப் போட்டால் வெளிச்சமெல்லாம் கார் கூரையில் விழுந்து, கார் நிழல் படியில் விழும். வயதானவர் கால் வைக்கிற இடம் படி. ஓரத்துக்கு இரண்டு, வாசல் படிக்கு நேர் மேலே ஒன்று, கேட்டுப் பக்கம் ஒன்று என்று பிரித்தோம். ஒவ்வொன்றும் 7 வாட், 500 லூமென் சொச்சம். ஒரு மெழுகுவத்தி 12 லூமென்தான். இரண்டு வீட்டுக்குப் பொதுவாகத் தொங்கிய அந்த 40 வாட் பல்பு சுமார் 400. கார் நிற்கிற இடத்துக்கு இப்போது அதைப்போல் ஐந்து மடங்கு. நாலும் விடிய விடிய எரிந்தாலும் மாதம் பத்து யூனிட்.

இதிலெல்லாம் அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. நிறத்தில்தான் நின்றார். கடையில் வார்ம் ஒயிட் என்று விற்கிற 3000 கெல்வின் மஞ்சளை நான் எடுத்துக் காட்டினேன். பத்திரிகைகளில் வரும் அழகான வீடுகள், காப்பிக் கடைகள் எல்லாம் அந்த நிறத்தில்தான் இருக்கின்றன. அம்மா ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மறுபடியும் மண்ணெண்ண வெளக்காடா?"

அகலும் மண்ணெண்ணெய்ச் சுடரும் 2000 கெல்வினுக்குப் பக்கத்தில் எரிபவை. அம்மாவின் கண் அதைக் கெல்வினாக அறியாது, புகையாக அறியும். தோட்டத்தை விட்டு வந்த நம் வீடுகளில் 6500 கெல்வின் டே லைட் ஆஸ்பத்திரி மாதிரி எரிவதைப் பார்த்து, ரசனை இல்லை என்று எழுதுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. மங்கலான மஞ்சளை அழகு என்று சொல்ல, விரும்பினால் அதை வெள்ளையாக்கிக்கொள்ளும் வசதி முதலில் இருந்திருக்கவேண்டும். பங்களா வராந்தாவுக்கு மஞ்சள் அழகு. லயத்துக்கு அது பற்றாக்குறையின் நிறம். வெள்ளை வெளிச்சத்தில் சோற்றில் கல் தெரியும், பிள்ளையின் புத்தகத்தில் எழுத்து தெரியும், வருகிறவன் முகம் தெரியும். இந்த விருப்பத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் 6500க்கு நான் இணங்கவில்லை. அதற்குக் காரணம் அழகு இல்லை, ஈசல். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல விளக்கு. நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு பூசி வெள்ளையாகக் காட்டுகிறார்கள். அந்த நீலத்தைச் செய்துகாட்டியதற்குத்தான் 2014இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கெல்வின் ஏற ஏற நீலம் கூடும், பூச்சிகளில் பலவும் நீலத்துக்குத்தான் ஓடிவரும். மழை விட்ட மாலையில் லயத்து பல்புக்குக் கீழே தண்ணீர் நிரப்பிய தாம்பாளம் வைத்து ஈசல் பிடித்தது அம்மாவுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. ஈசலுக்குப் பின்னால் பல்லி வரும், பல்லிக்குப் பின்னால் காலையில் விளக்குமாறு வரும். இன்னொன்று கண். அம்மாவுக்குப் புரை வளர்ந்துகொண்டிருக்கிறது. புரை விழுந்த கண்ணில் கூசும் வெளிச்சம் சிதறி, படியையே மறைத்துவிடும். அதனால் பல்பு உள்ளே ஆழமாக அமிழ்ந்து, பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணில் குத்தாத வகையை எடுத்தோம். மாடக்குழிதான், தலைகீழாக.

சுவிட்சை ஒவ்வொரு முறை தட்டும்போதும் மஞ்சள், இளவெள்ளை, வெள்ளை என்று நிறம் மாறுகிற விளக்கு ஒன்று இப்போது எல்லாக் கடையிலும் விற்கிறது. சமாதானத்துக்கு அதை வாங்கச் சொன்னார் கடைக்காரர். அவசரத்துக்கு இரண்டு முறை தட்டினால் வீடே சாயம் மாறும் அந்த வேடிக்கை வேண்டாம் என்று நானும் அம்மாவும் முதன்முறையாக ஒரே குரலில் சொன்னோம். கடைசியில் 4000 கெல்வின். எரியவிட்டுக் காட்டியதும் அம்மா உள்ளங்கையை அதற்குக் கீழே நீட்டி, திருப்பி, ரேகையைப் பார்த்தார். சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை: கார்த்திகை அன்றைக்கு நாலையும் அணைத்துவிடவேண்டும், இல்லையென்றால் அகல் எரிவது தெரியாது.

வயர்மேன் தம்பி சிலிங்கில் பென்சிலால் நாலு வட்டம் போட்டுவிட்டு, சுவிட்சை எங்கே வைப்பது, வெளியே தூணிலா, நேரத்துக்குத் தானாக எரிந்து அணைகிற டைமர் போடவா என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா முந்திக்கொண்டார்.

"டைமரெல்லாம் வேணாம் தம்பி. உள்ளார வைங்க. என் ரூம் கதவுக்குப் பக்கத்துல."